462 மார்க்குக்கு டர்னரா?

பத்தாம் வகுப்பில் 500-க்கு 462 எடுத்த பெண்ணுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் பாதை ஏற்கெனவே போட்டு வைத்திருப்பார்கள். நல்ல பள்ளிக்கூடமாகப் பார்த்து ஃபர்ஸ்ட் குரூப், அப்புறம் கவுன்சிலிங், அப்புறம் பி.இ., கடைசியில் ஐ.டி. கம்பெனி. உயிரியல் நன்றாக வந்தால் மருத்துவம் என்று ஒரு கிளை. 2012-ல், சமச்சீர்க் கல்விப் பாடத்தில் பத்தாவது எழுதிய முதல் செட்டில் நானும் ஒருத்தி. ரிசல்ட் வந்த கையோடு பெரியப்பா இரண்டு பள்ளிகளில் விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தது அரசு ஐ.டி.ஐ.யில், டர்னர் பிரிவில். லேத் ஓட்டும் படிப்பு.

இன்று நானே ஓர் ஐ.டி.ஐ.யில் பயிற்சி அலுவலர். சேர்க்கைக் காலத்தில் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேராவது அன்றைய என் நிலையில் இருப்பார்கள். மார்க் இருக்கும், ஆசை இருக்கும், வீட்டில் சம்மதம் இருக்காது. சம்மதிக்காத பெற்றோரை நான் குறை சொல்வதில்லை. அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு வெறும் பழக்கம் என்று யாராவது உட்கார்ந்து பிரித்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

எனக்கு இந்த ஆசை வந்தது மாமாவின் பட்டறையில். அம்மாவின் அண்ணன் கணபதியில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், மூலையில் ஒரு பெஞ்ச் கிரைண்டர். பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு என்று கோவையில் இப்படிப்பட்ட பட்டறைகள் தெருவுக்குத் தெரு உண்டு. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. கிணறுகளில் மோட்டார் ஏறியது. அவற்றைச் செய்யவும் பழுது பார்க்கவும் பட்டறைகள் முளைத்தன. லீவு நாட்களில் மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை மைக்ரோமீட்டரை என் கையில் கொடுத்து, “இந்த ஷாஃப்ட் எவ்வளவு இருக்குன்னு பாரு கண்ணு” என்பார். 24.98 மி.மீ. இருந்தால் 25 மி.மீ. புஷ்ஷுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். 25.02 ஆகிவிட்டால் நுழையவே நுழையாது. 24.90 என்றால் உள்ளே போய் லொடலொடவென்று ஆடும். கண்ணுக்குத் தெரியாத அளவு ஒன்று ஒரு பொருளை உருப்படியாகவும் ஆக்கும், இரும்புக் கடைக்கும் அனுப்பும் என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியம் இன்னும் தீரவில்லை.

ஐ.டி.ஐ. என்றதும் முதலில் எதிர்த்தவரே மாமாதான். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ரேகைகளில் எண்ணெய்க் கறுப்பு ஏறியிருந்தது. “இது என்னோட போகட்டும் அம்முணி. நீ ஏ.சி. ரூம்ல உக்காரணும்னுதான் நான் இதுல நிக்கறேன்.”

மற்றவர்கள் சொன்னவை பல மாதிரி. பக்கத்து வீட்டு அக்கா, “பாஸாயிட்டேன்னுதானே சொன்னாங்க?” என்று அம்மாவிடம் தணிந்த குரலில் விசாரித்தார். ஐ.டி.ஐ. என்றால் மார்க் குறைந்தவர்களும் ஃபெயிலானவர்களும் போகும் இடம் என்று அவர் மனதில் பதிந்திருந்தது. அத்தை, “பொம்பளப் புள்ளைய கிரீஸ்ல எறக்கறீங்களே, நாளைக்கு எவன் வந்து கேப்பான்?” என்று அப்பாவிடம் சண்டைக்கு வந்தார். மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில், இந்த மார்க்கை வீணாக்காதே என்று எனக்கும் அம்மாவுக்கும் நீண்ட அறிவுரை. அம்மா அழுதார். அவருக்கு என்மேல் கோபம் இல்லை. ஊருக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். இத்தனையிலும் ஒன்றைக் கவனித்தேன். டர்னர் படிப்பில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் கணக்கு டீச்சர். “சிலபஸ் கிடைச்சா கொண்டா, பாக்கலாம்” என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டு, “இதுல நான் நடத்துன பாடம் நிறைய இருக்கே” என்றார். இன்னொருவர் அப்பா. ஸ்பின்னிங் மில்லில் ஷிஃப்ட் வேலை அவருக்கு. அதிகம் பேச மாட்டார். அவர் கேட்டது ஒரே கேள்வி: “பாதியில இது வேண்டாம்னு தோணுச்சுன்னா, திரும்பி வர வழி இருக்குதா?” இந்த மாதிரி முடிவுகளில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்று இப்போதும் சொல்வேன். நான் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னேன்: பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம், ஒரு வருடம்தான் போகும். பிடித்துவிட்டால் ஐ.டி.ஐ. முடித்து நேரடியாகப் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேரலாம். “அப்பச் சரி” என்று கையெழுத்துப் போட்டார்.

ஐ.டி.ஐ. என்றால் என்ன என்பதே பல வீடுகளில் தெளிவாகத் தெரியாது என்பதால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். தொழிற்பயிற்சி நிலையங்களில் நடக்கும் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தை மத்திய அரசு 1950-ல் தொடங்கியது. பாடத்திட்டமும் தேர்வும் சான்றிதழும் நாடு முழுவதற்கும் ஒன்று. தமிழ்நாட்டில் நிலையங்களை நடத்துவது மாநில வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை. ஒவ்வொரு தொழிலையும் ‘டிரேடு’ என்போம். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் எல்லாம் இரண்டு ஆண்டு, வெல்டர் ஓராண்டு. டர்னரில் சேரப் பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் படித்துத் தேறியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு போதும் என்ற டிரேடுகளும் உண்டு. நுழைவுத் தேர்வு கிடையாது. மார்க்கும் இடஒதுக்கீடும் வைத்துச் சேர்க்கை. தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், அரசுப் பள்ளியிலிருந்து வரும் ஐ.டி.ஐ. மாணவிகளுக்கும் சேரும். முடித்தவர்கள் தேசியத் தொழிற்சான்றிதழ் பெறுகிறார்கள். அதன் பிறகு 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி ஒரு தொழிற்சாலையில் தொழிற்பழகுநராக இருந்து இன்னொரு சான்றிதழ் வாங்கலாம்.

ரயில்வேயில் அசிஸ்டென்ட் லோகோ பைலட், டெக்னீஷியன் வேலைகளுக்குப் பத்தாவதுடன் ஐ.டி.ஐ. சான்றிதழ் தகுதி. இஸ்ரோவில் டெக்னீஷியன் பதவிகளுக்கும் அப்படியே. பெரம்பூர் ஐ.சி.எஃப்., திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. ஆகியவை அப்ரண்டிஸ் எடுக்கின்றன. மேலே படிக்க விரும்பினால் ஐ.டி.ஐ. இரண்டு, டிப்ளமோ இரண்டு, பி.இ. மூன்று என்று பத்தாவதுக்குப் பின் ஏழு வருடம். பிளஸ் டூ வழியாகப் போனால் ஆறு. ஒரே ஒரு வருடம்தான் வித்தியாசம். பத்தாவதுக்குப் பின் இரண்டாண்டு டிரேடு முடித்தவர்கள் தமிழ், ஆங்கில மொழிப்பாடத் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறி, பிளஸ் டூவுக்கு இணையான சான்று பெறவும் வழி இருக்கிறது. இதெல்லாம் அரசு அறிவிப்பில் இருப்பவைதான். ஆனாலும் சேர்க்கைக்கு வரும் பெற்றோரில் பலர் இதை முதன்முதலாக என் வாயிலிருந்து கேட்கிறார்கள்.

சேர்ந்த புதிதில் லேத்தைத் தொடவே விடவில்லை. வைஸில் ஓர் இரும்புத் துண்டைக் கட்டிக்கொண்டு அரத்தால் ராவச் சொன்னார்கள். ஃபைலிங். ஒரு பக்கம் சமமாகிவிட்டது என்று நினைத்து டிரை ஸ்கொயரை வைத்தால் வெளிச்சம் தெரியும், மறுபடி ராவு. உள்ளங்கை கொப்பளித்தது. பள்ளியில் 90 மார்க்குக்கும் 95 மார்க்குக்கும் சண்டை போட்டிருக்கிறேன். இங்கே சண்டை போட ஆளில்லை. இரும்பு சமமாக இருக்கும், அல்லது இருக்காது. அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

அப்புறம் லேத். ஒரு பக்கம் ஹெட்ஸ்டாக், அதில் ஜாப்பைப் பிடிக்கும் சக், மறுபக்கம் டெயில்ஸ்டாக், நடுவே டூலைச் சுமந்து நகரும் கேரேஜ். சக்கில் ஜாப்பைக் கட்டி அது ஆடாமல் சுற்றுகிறதா என்று பார்ப்பதற்கே தனிப் பயிற்சி. எந்த வேகத்தில் ஓட்டுவது? மில்டு ஸ்டீலை ஹெச்.எஸ்.எஸ். டூலால் கடைகிறோம், வெட்டுவேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 40 மி.மீ. விட்டமுள்ள ஜாப்புக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சுற்று. வட்டத்தின் சுற்றளவு சூத்திரம்தான் இது. ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது மனப்பாடம் செய்த பை, இங்கே தவறினால் டூலின் முனையைக் கருக்கிவிடும்.

டேப்பர் கடையக் கற்ற நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு முனை 40 மி.மீ., மறுமுனை 30 மி.மீ., நீளம் 50 மி.மீ. காம்பவுண்ட் ஸ்லைடை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும்? பெரிய விட்டத்திலிருந்து சிறியதைக் கழித்து, நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் 0.1. எந்தக் கோணத்தின் டேன் மதிப்பு 0.1? அட்டவணையைப் பார்த்தால் 5 டிகிரி 43 நிமிடம். பத்தாம் வகுப்பில் கோபுரத்தின் உயரமும் கலங்கரை விளக்கத்தின் நிழலும் கண்டுபிடித்துக்கொண்டிருந்த அந்த டேன் தீட்டா, என் கண் முன்னால் இரும்பில் ஒரு சரிவாக இறங்கியது. அடுத்த விடுமுறையில் அந்த ஜாப்பை எடுத்துக்கொண்டு கணக்கு டீச்சரைப் பார்க்கப் போனேன். வாங்கி வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டினார்.

இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். மாமா தொழில் கற்றது இன்னொருவர் பட்டறையில் எடுபிடியாக. டீ வாங்கி வந்தும், சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவலைக் கூட்டி அள்ளியும், பார்த்துப் பார்த்துக் கற்றவர். மரை வெட்டும்போது லீட் ஸ்குரூவுக்கும் ஸ்பிண்டிலுக்கும் இடையே பல்சக்கரங்களை மாற்றிப் போட வேண்டும். எந்தச் சக்கரத்துக்கு எத்தனை பல் என்று கணக்குப் போடும் நேரத்தில் அந்த முதலாளி முதுகைத் திருப்பிக்கொள்வாராம். தொழில் ரகசியம் கைமாறிவிடக் கூடாது என்ற பயம். மாமா பின்னாளில் சில பிட்ச்களுக்கு மட்டும் அளவுகளை எங்கிருந்தோ தெரிந்துகொண்டு, மெஷின் மூடிக்குள் சாக்கட்டியால் எழுதி வைத்திருந்தார். எங்கள் டிரேடு தியரி வகுப்பிலோ அந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். லீட் ஸ்குரூவின் பிட்ச் 6 மி.மீ., வெட்ட வேண்டியது 1.5 மி.மீ. என்றால் விகிதம் ஒன்றுக்கு நான்கு. ஓட்டும் சக்கரத்துக்கு 20 பல், ஓடும் சக்கரத்துக்கு 80 பல். முடிந்தது. எந்தப் பிட்ச்சுக்கும் இதே வழி. என் நோட்டைக் கொண்டுபோய் மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலால் ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் முழுவதையும் எழுதிக்கொண்டார். அதன் பிறகு என் படிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் எதிர்த்துச் சொல்லவில்லை.

ஐ.டி.ஐ. மீது தமிழ்நாட்டில் இருக்கும் சந்தேகத்தைப் பேசும்போதெல்லாம் அந்தப் பில் புத்தகம்தான் எனக்கு ஞாபகம் வரும். இந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1953-ல், ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொல்லும் திட்டம் வந்தது. நாவிதர் மகன் கத்தரியும் குயவர் மகன் சக்கரமுமாகவே நின்றுவிடுவார்கள் என்று கண்ட மக்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றார்கள். பெரியார் எதிர்த்தார், தி.மு.க. எதிர்த்தது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954-ல் ராஜாஜி பதவி விலகி, காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் போராட்டம் ஜெயித்ததால்தான் என்னைப் போன்றவர்கள் பள்ளிக்கூடம் போனோம். உயர்கல்விக்குப் போவோர் விகிதம் இன்று தமிழ்நாட்டில் 47 சதவீதம் என்று மத்திய அரசின் 2021-22 கணக்கெடுப்பு சொல்கிறது. நாட்டின் சராசரி 28 சொச்சம். ஒரு தலைமுறைக்கு முன் கையெழுத்துப் போடத் தெரியாத குடும்பங்களில் இன்று பட்டதாரிகள் இருக்கிறார்கள். பிள்ளை கையில் ஸ்பேனர் பிடிக்கப் போகிறேன் என்றால் அந்தக் குடும்பம் பதறுவது இயல்பு. ஏறி வந்த ஏணியில் ஒரு படி இறங்குவதாக அவர்களுக்குத் தோன்றுகிறது.

அந்தப் பதற்றத்தை மதிக்கிறேன். ஆனால் ஐ.டி.ஐ.யைக் குலக்கல்வியின் மறு உருவமாகப் பார்ப்பது தவறு. என் வகுப்பில் விவசாயி மகன் இருந்தான், பூக்கடைக்காரர் மகன் இருந்தான், தூய்மைப் பணியாளர் மகன் இருந்தான், ஆட்டோ ஓட்டுநர் மகளும் மில் தொழிலாளி மகளான நானும் இருந்தோம். எங்களில் யாருக்கும் அப்பா லேத் ஓட்டுபவர் இல்லை. குலக்கல்வி, பிறந்த வீட்டுத் தொழிலுக்குள் பிள்ளையைப் பூட்டி வைக்கப் பார்த்தது. ஐ.டி.ஐ. செய்வது நேர் எதிரான வேலை. ஒரு குடும்பத்துக்குள்ளோ ஒரு முதலாளியின் முதுகுக்குப் பின்னாலோ ஒளிந்திருந்த தொழிலறிவை எடுத்து, எந்தச் சாதியில் பிறந்த பிள்ளை வந்தாலும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறது. சமூக நீதி பேசும் மாநிலத்தில் இந்த இடத்துக்கு இன்னும் மரியாதை இருக்க வேண்டும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. கையில் அழுக்குப் படும் வேலையைத் தாழ்வாக நினைக்கும் புத்தி எங்கிருந்து வந்தது என்று நமக்கெல்லாம் தெரியும். குலக்கல்வியை எதிர்த்து ஜெயித்த நாம் அந்தப் புத்தியை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டோம்.

சேர்ந்த புதிதில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் தவறாமல் ஜி.டி. நாயுடு பெயரைச் சொல்வார்கள். “அவரென்ன படிச்சா பெரியாளானாரு?” கலங்கலில் பிறந்து, பள்ளிப் படிப்பைத் தொடராமல், 1937-ல் இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்து காட்டியவர்களில் ஒருவர் அவர், உண்மைதான். ஆனால் ஒரு மேதையின் வாழ்க்கையை வைத்துச் சாதாரணப் பிள்ளைக்கு வழி சொல்ல முடியாது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. 1940-களில் ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் தொடங்க முன்னின்றவர், நான்காண்டுப் படிப்பு நீளம், இரண்டு ஆண்டு போதும் என்று வாதாடினார். அரசு ஏற்கவில்லை என்றதும் விலகிவிட்டார். அவர் பள்ளியை விட்டதைச் சொல்பவர்கள் அவர் கல்லூரி நடத்தியதைச் சொல்வதில்லை.

இதில் கஷ்டமே இல்லை என்று சொன்னால் அது பொய். லேத்தின் உயரம் ஆண்களின் சராசரி உயரத்துக்குச் செய்தது. நான் மரப்பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் நின்றுதான் ஓட்டினேன். வளையல், துப்பட்டா கூடாது. முடியைச் சுருட்டித் தொப்பிக்குள் வைக்க வேண்டும். சுற்றும் சக் எதையாவது பிடித்துக்கொண்டால் உயிரோடு விளையாட்டு. வீட்டில் அம்மா கையில் வளையல் இல்லாததைப் பார்த்து வருத்தப்படுவார். அப்ரண்டிஸாக இருந்த இடத்தில் மெஷின் ஷாப்புக்கு நான் ஒருத்திதான் பெண். கழிவறைக்கு அடுத்த கட்டடத்துக்குப் போய் வர வேண்டும். எவ்வளவு சுத்தமாக ஜாப் முடித்தாலும், ‘பொண்ணு முடிச்சது’ என்று இன்னொரு முறை அளந்து பார்ப்பார்கள். அளக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மைக்ரோமீட்டர் யார் கையில் இருந்தாலும் ஒரே அளவுதான் காட்டும்.

சம்பளம்தான் பெரிய பிரச்சினை. 2019-ல் திருத்திய விதிப்படி ஐ.டி.ஐ. முடித்த அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். பட்டதாரி அப்ரண்டிஸுக்கு 9,000. அப்ரண்டிஸ் முடிந்ததும் நிரந்தர வேலை கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயமில்லை. பல கம்பெனிகள் ஒரு செட்டை அனுப்பிவிட்டு அடுத்த செட்டை எடுத்துக்கொள்கின்றன. கான்ட்ராக்ட்டில் வருடக்கணக்காக ஓட்டும் பையன்களை எனக்குத் தெரியும். நானும் சி.என்.சி. ஆப்பரேட்டராகச் சேர்ந்தேன், மெஷினுக்கு புரோகிராம் போட்டு, டூல் ஆஃப்செட் பார்த்து, முதல் ஜாப்பை அளந்து கொடுக்கும் செட்டர் வேலைக்கு உயர நினைத்தேன். செட்டர் என்றால் எல்லா ஷிஃப்டிலும் நிற்க வேண்டும். நைட் ஷிஃப்டுக்குப் பெண்ணைப் போட நிர்வாகம் தயங்கியது. எனக்குப் பின்னால் சேர்ந்தவன் செட்டரானான். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதன் பிறகுதான் பயிற்றுநர் பயிற்சி என்ற ஓராண்டுப் படிப்பைப் படித்து, சொல்லிக் கொடுக்கும் பக்கம் வந்தேன்.

உறவினர்கள் பேச்சு எப்போது நின்றது என்று கேட்பார்கள். நிற்கவில்லை. பிளஸ் டூ முடித்து என் தோழிகள் கல்லூரிக்குப் போனபோது வேகமெடுத்தது. கல்யாணப் பேச்சில் இன்னும் பலமாக வந்தது. ஜாதகத்தோடு தரும் தாளில் ‘படிப்பு’ என்ற இடத்தில் ஐ.டி.ஐ. (டர்னர்) என்று எழுதினால், “டிகிரி ஒண்ணும் இல்லீங்களா?” என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போன குடும்பம் உண்டு. ஏதாவது ஒரு பி.ஏ.வை அஞ்சல்வழியில் போட்டு வைத்திருக்கலாமே என்று சித்தி ஆலோசனை சொன்னார். எனக்கு அது ஒப்பவில்லை. வேண்டும் என்றால் படிப்பேன், தாளில் நிரப்புவதற்காக வேண்டாம் என்றேன். கடைசியில் என்னைப் பெண் பார்க்க வந்த வீட்டில் மாமனார் மில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மற்றதைக் கேட்கவில்லை. “த்ரெட் கட்டிங் வருமா?” என்றார். வரும் என்றேன்.

சில விஷயங்கள் நல்லபடி மாறியும் வருகின்றன. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டின் 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோ, சி.என்.சி., முப்பரிமாண அச்சு எந்திரம் என்று புதிய கூடங்கள் வந்திருக்கின்றன. நான் படித்தபோது ஒரு சி.என்.சி. மெஷினைக் கண்ணாடிக்கு அப்பால் இருந்து பார்த்ததோடு சரி. எல்லா ஐ.டி.ஐ.யும் ஒரே தரம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். போர்டு மட்டும் பளபளப்பாக இருந்து, உள்ளே ஓடாத மெஷின்கள் நிற்கும் தனியார் நிலையங்கள் உண்டு. சேர்வதற்கு முன் அந்த டிரேடுக்கு மத்திய அரசின் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒர்க்‌ஷாப்புக்குள் போக அனுமதி கேளுங்கள். மெஷினுக்குக் கீழே புதிதாக விழுந்த சீவல் கிடந்தால் அங்கே பாடம் நடக்கிறது என்று அர்த்தம்.

போன சேர்க்கையின்போது ஒரு அம்மா வந்திருந்தார். டெய்லரிங் செய்பவர். மகள் 440-க்கு மேல் எடுத்தவள். ஊரார் சொன்னதையெல்லாம் அவரும் கேட்டிருப்பார் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஆனால் மார்க்கைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஓடுற லேத் எத்தனை இருக்குதுங்க, ஒரு மெஷினுக்கு எத்தனை புள்ளைங்க, போன செட்டு புள்ளைங்க இப்ப எங்கங்க வேலை பாக்கறாங்க என்று வரிசையாகக் கேட்டார். பொம்பளப் புள்ளைங்களுக்கு பாத்ரூம் பூட்டாம இருக்குமாங்க என்பது கடைசிக் கேள்வி. எல்லாவற்றுக்கும் உள்ளபடியே பதில் சொல்லி, ஒர்க்‌ஷாப்புக்குள் கூட்டிப்போய்க் காட்டினேன். மகள் ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஃபிட்டர் பிரிவின் அசெம்ப்ளி பெஞ்ச் முன்னால் நின்றுவிட்டாள். தனக்கு டர்னர் வேண்டாம், பிரித்து மாட்டும் வேலைதான் பிடிக்கிறது என்றாள். ஃபிட்டரில் இடம் இருந்தது. அன்றைக்கே சேர்ந்துவிட்டாள்.